உதவித்தொகையோடு பிஎச்.டி. இடம்: பணம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்து விண்ணப்பியுங்கள்

அறிவியல், பொறியியல் துறைகளில் பிஎச்.டி. செய்யக் கைக்காசு போட வேண்டியதில்லை. அது படிப்பு என்ற பெயரில் நடக்கும் வேலை. நீங்கள் செய்யும் சோதனையாலும் எழுதும் நிரலாலும்தான் ஆய்வகம் கட்டுரை வெளியிடுகிறது, அடுத்த நிதியை வாங்குகிறது. அதற்குச் சம்பளமோ, ஸ்டைபெண்ட் எனும் மாத உதவித்தொகையோ தருவதுதான் இந்தத் துறைகளில் வழக்கம். 'சேர்க்கை உண்டு, நிதி கிடையாது' என்று கடிதம் வந்தால் அதை மரியாதையான மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தேடுபவர்கள் முதலில் திறப்பது பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலை. அதைவிட முந்தித் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த இடத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது, அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் யார்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் யாருக்கு எழுதுவது, எப்போது எழுதுவது, என்ன எழுதுவது என்ற மூன்றும் தெளிந்துவிடும்.

பணம் வரும் மூன்று வழிகள்

முதல் வழி, துறையின் பணம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இதுதான். விண்ணப்பம் துறைக்குப் போகும். பேராசிரியர்கள் சிலர் அடங்கிய சேர்க்கைக் குழு படித்துத் தேர்ந்தெடுக்கும். தேர்வானால் கல்விக் கட்டணம் தள்ளுபடி, கூடவே ஸ்டைபெண்ட். அது முதலாண்டில் கற்பித்தல் உதவியாளர் வேலையாகவும், பிறகு ஒரு பேராசிரியரின் ஆய்வு உதவியாளர் வேலையாகவும் வருவது சகஜம். பல துறைகளில் முதுகலைப் பட்டம் இல்லாமல் இளங்கலை முடித்த கையோடு விண்ணப்பிக்கலாம். முடிக்க ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும்.

இரண்டாவது, பேராசிரியரின் திட்டப் பணம். ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன், டென்மார்க், நார்வே போன்ற நாடுகளில் பிஎச்.டி. இடம் வேலை விளம்பரமாகவே வரும். நீங்கள் ஊழியர், ஒப்பந்தம், சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு. இங்கே பொதுவாக முதுகலை முடித்திருக்க வேண்டும். நெதர்லாந்தில் நான்கு ஆண்டுகள்; முதலாண்டு மதிப்பீட்டில் தேறினால்தான் மிச்சம் தொடரும். ஸ்வீடனில் நான்கு ஆண்டு முழுநேர ஆய்வு. அதோடு 20 சதவீதம் வரை கற்பித்தல் சேர்ந்தால் ஐந்தாண்டு வரை நீளும். ஆள் தேடுபவரும் தேர்ந்தெடுப்பவரும் பெரும்பாலும் அந்தப் பேராசிரியர்தான்.

மூன்றாவது, உங்கள் பெயரில் வரும் பணம். ஜெர்மனியின் டாட் (DAAD) உதவித்தொகை, ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் (MEXT), ஆஸ்திரேலிய அரசின் ஆர்டிபி (RTP) போன்றவை இந்த வகை. மெக்ஸ்டுக்குத் தூதரகம் வழியாக ஒரு பாதை, பல்கலைக்கழகம் வழியாக ஒரு பாதை. இந்த வகையில் ஒப்புக்கொள்ளும் நெறியாளரை முன்கூட்டியே பிடித்து வைப்பதுதான் வேலையின் பாதி.

பிரிட்டன் இந்த மூன்றும் கலந்தது. டாக்டரல் பயிற்சி மையங்கள் துறை போலவே ஆள் எடுக்கும். தனித் திட்டங்கள் விளம்பரமாக வரும். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில இடங்களில் உதவித்தொகை உள்நாட்டு மாணவர் கட்டணத்தை மட்டுமே ஈடுகட்டும்; வெளிநாட்டு மாணவருக்கான கூடுதல் கட்டணத்தை யார் கட்டுவது என்று விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அரசின் ஆய்வு நிதி அமைப்பான யூகேஆர்ஐ நிதி தரும் இடங்களில் 2021 முதல் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வெளிநாட்டவர் பங்கு பொதுவாக 30 சதவீதத்தைத் தாண்டாது.

எங்கே தேடுவது

விளம்பரமாக வரும் இடங்களுக்கு: ஐரோப்பா முழுமைக்கும் யூராக்ஸெஸ், நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர், பிரிட்டனுக்கு ஃபைண்ட்-ஏ-பிஎச்டி, ஜாப்ஸ்.ஏசி.யூகே. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் நடத்தும் ஐஎம்பிஆர்எஸ் ஆய்வுப் பள்ளிகளுக்குத் தனித்தனி விண்ணப்பத் தளம், தனித்தனிக் கடைசித் தேதி. தளங்களில் மின்னஞ்சல் அறிவிப்பு வைக்கும்போது 'பொறியியல்' என்று பொதுவாக வைக்காதீர்கள். குப்பையாக வந்து குவியும், ஒரு வாரத்தில் திறப்பதையே விட்டுவிடுவீர்கள். உங்கள் முறையின் பெயர், பொருளின் பெயர், கருவியின் பெயர் என்று நான்கைந்து குறுகிய சொற்களை வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி ஸ்கோடோவ்ஸ்கா கியூரி டாக்டரல் நெட்வொர்க் இடங்கள் யூராக்ஸெஸில் வரும். சம்பளம் நல்லது, போட்டியும் கடுமை. விண்ணப்பிக்கும் முன் ஒரு விதியைப் பார்த்துவிடுங்கள். வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், அந்த நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ படித்திருக்கவோ வேலை செய்திருக்கவோ கூடாது. ஜெர்மனியில் முதுகலை படித்து முடித்த கையோடு ஜெர்மனியிலுள்ள மேரி கியூரி இடத்துக்கு விண்ணப்பித்துத் தகுதியில்லை என்று திரும்புபவர்கள் உண்டு. அதே மாணவர் பக்கத்து நாட்டு இடத்துக்குத் தாராளமாகத் தகுதி பெறுவார்.

விளம்பரமே வராத இடங்களும் ஏராளம். அவற்றைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு வழி, நிதி வழங்கும் அமைப்புகளின் பொதுத் தரவுத்தளங்கள். அமெரிக்காவுக்கு என்எஸ்எஃப் (தேசிய அறிவியல் அறக்கட்டளை) அவார்ட் சர்ச், மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் என்ஐஎச்சின் ரிப்போர்ட்டர். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு கார்டிஸ். ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டிஎஃப்ஜிக்கு ஜெப்ரிஸ். பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச். எல்லாம் இலவசம். உங்கள் தலைப்பைத் தட்டினால் யாருக்கு, எந்தத் திட்டத்துக்கு, எப்போது நிதி கிடைத்தது என்று வரும். முடியும் தேதியும் பெரும்பாலும் கூடவே இருக்கும்.

அந்தத் தேதிகளைப் படிக்கத் தெரிய வேண்டும். என்எஸ்எஃபின் சாதாரணத் திட்டங்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டு. இளம் பேராசிரியர்களுக்கான கேரியர் நிதி ஐந்து ஆண்டு. மூன்றாண்டுத் திட்டத்தில் இரண்டரை ஆண்டு ஓடியிருந்தால் அந்தப் பணத்தில் உங்களுக்கு இடமில்லை. தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தால் ஆள் எடுக்கும் நேரம் அதுதான். ஐரோப்பாவில் இஆர்சி (ஐரோப்பிய ஆய்வு மன்றம்) தரும் ஸ்டார்ட்டிங் நிதி ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை. அதில் பெரும்பகுதி மாணவர்களுக்கும் முதுமுனைவர்களுக்கும் (போஸ்ட்டாக்) சம்பளமாகப் போகும். ஒவ்வோர் ஆண்டும் யார் யாருக்குக் கிடைத்தது என்ற பட்டியல் வெளிவருகிறது. அடுத்த சில மாதங்களில் அந்தப் பட்டியலில் உள்ளவர்களில் பலரும் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களும் அப்படித்தான்: கையில் தொடக்க நிதி இருக்கும், ஆய்வகம் காலியாக இருக்கும்.

விளம்பரத்தை வரிவரியாகப் படிப்பது

ஜெர்மன் விளம்பரம் ஒன்று இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'டிவி-எல் இ13, 67 சதவீதம், 36 மாதம். முதுகலைப் பட்டம் அவசியம். சி++ அனுபவம் விரும்பத்தக்கது. விண்ணப்பத்தை ஒரே பிடிஎஃப் கோப்பாக, குறிப்பு எண்ணுடன் அனுப்பவும்.'

டிவி-எல் என்பது ஜெர்மன் மாநில அரசு ஊழியர்களின் ஊதிய ஒப்பந்தம்; இ13 அதன் அட்டவணையில் ஒரு படிநிலை. அட்டவணை இணையத்திலேயே இருக்கிறது; வரி, காப்பீடு போகக் கைக்கு எவ்வளவு என்று அன்றே கணக்குப் போட்டுவிடலாம். 67 சதவீதம் என்றால் சம்பளம் மூன்றில் இரண்டு பங்கு. ஆய்வகத்தில் உங்களிடம் எதிர்பார்ப்பது மூன்றில் இரண்டு பங்கு வேலை என்று எண்ணினால் ஏமாற்றம்தான். கணினி அறிவியலிலும் பொறியியலிலும் 100 சதவீத ஒப்பந்தம் சாதாரணம். உயிரியலிலும் வேதியியலிலும் 50, 65 என்று இறங்கும். 36 மாதம் என்பது நிதியின் அளவு; ஆய்வேடு முடியும் காலம் அதைத் தாண்டுவது வழக்கம். 'அதற்குப் பிறகு நீட்டிப்பு எந்தப் பணத்தில்?' என்பதை நேர்காணலில் கேட்க இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

'அவசியம்' என்று போட்டது இல்லையென்றால் நிர்வாகமே தள்ளிவிடும்; பேராசிரியர் நினைத்தாலும் காப்பாற்ற முடியாது. 'விரும்பத்தக்கது' என்பது ஆசைப் பட்டியல். ஐந்தில் இரண்டு இருந்தாலும் விண்ணப்பியுங்கள். பட்டம் கையில் இருக்க வேண்டியது விண்ணப்பிக்கும் நாளிலா, சேரும் நாளிலா என்றும் பாருங்கள். இறுதியாண்டில் இருப்பவர்கள் இந்த ஒரு சொல்லில் தடுக்கி விழுகிறார்கள்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்

விளம்பரம் இருந்தால் விண்ணப்பத் தளமே வாசல். ஸ்வீடன் போன்ற இடங்களில் தளம் வழியாக வராத விண்ணப்பத்தைப் பார்க்கவே மாட்டார்கள். மின்னஞ்சல் அதற்கு ஈடாகாது. அமெரிக்காவில் மின்னஞ்சல் கட்டாயமில்லை. ஆனால் 'இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று வரும் ஒருவரிப் பதில், ஒரு விண்ணப்பக் கட்டணத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல துறைகளில் முதலில் நெறியாளர் சம்மதிக்க வேண்டும், பிறகுதான் விண்ணப்பம்.

150 முதல் 200 சொற்கள் போதும். ஆங்கிலத்தில் எழுதப் போவதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி:

தலைப்பு: 'பிஎச்.டி. இடம் – சோடியம் அயனி பேட்டரி, ஹார்ட் கார்பன் மின்முனை.'

'பொருள் அறிவியலில் முதுகலை இறுதியாண்டில் இருக்கிறேன். ஹார்ட் கார்பன் மின்முனையின் முதல் சுற்று இழப்பைப் பற்றி ஆய்வேடு செய்கிறேன். சூடேற்றும் வெப்பநிலையை 1,100 டிகிரியிலிருந்து 1,400க்கு உயர்த்தியபோது முதல் சுற்றுத் திறன் 71 சதவீதத்திலிருந்து 84 ஆனது; ஆனால் அதிக மின்னோட்டத்தில் கொள்ளளவு குறைந்தது. உங்கள் குழுவின் சென்ற ஆண்டுக் கட்டுரையில் மின்பகுபொருளை மாற்றி இதே இழப்பைக் குறைத்திருக்கிறீர்கள். அதை எங்கள் மாதிரிகளில் செய்தால் வெப்பநிலையை அவ்வளவு உயர்த்தத் தேவையிருக்குமா என்பதுதான் என் கேள்வி. வரும் ஆண்டில் மாணவர் எடுக்கிறீர்களா? எடுத்தால் துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டுமா, நேரடியாகவா? சிவியும் ஆய்வேட்டின் ஒரு பக்கச் சுருக்கமும் இணைத்துள்ளேன்.'

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். செய்த வேலை, அதில் கிடைத்த எண், சரியாக வராத ஒன்று, அவருடைய வேலையோடு ஒட்டும் ஒரு கேள்வி, அவர் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய இரண்டு கேள்விகள். 'உங்கள் முன்னோடியான ஆய்வு என்னை ஆழமாக ஈர்த்தது' என்ற வரி இல்லை. அந்த வரி அவருக்கு வரும் எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. இப்போது மென்பொருள் எழுதித் தருவதால் இன்னும் அதிகமாகவே இருக்கிறது.

அனுப்புவதற்கு முன் உங்களுக்கே ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். பேராசிரியரின் பெயரும் கட்டுரைத் தலைப்பும் வேறு தளத்திலிருந்து ஒட்டியவை என்றால் அந்த இரண்டும் மட்டும் வேறு எழுத்துருவில், சற்றுப் பெரிதாகத் தெரியும். நூறு பேருக்கு ஒரே கடிதம் போயிருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இணைப்பு இரண்டு மெகாபைட்டுக்குள் இருக்கட்டும். கோப்பின் பெயர் 'சிவி-புதியது-இறுதி-2' என்று இல்லாமல் உங்கள் பெயராக இருக்கட்டும். ஒரே துறையில் மூன்று பேருக்கு ஒரே நாளில் எழுத வேண்டாம். மதிய உணவு மேசையில் அவர்கள் பேசிக்கொள்வார்கள். பதில் வராவிட்டால் பத்து, பதினான்கு நாள் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மௌனத்துக்குப் பெரும்பாலும் உங்கள் தகுதி காரணமல்ல. கொடுக்கப் பணம் இல்லை என்பதே காரணம்.

காலக் கணக்கு

அமெரிக்கச் சேர்க்கைக்குப் பெரும்பாலான கடைசித் தேதிகள் டிசம்பர் 1 முதல் 15க்குள். சில ஜனவரிக்கு நீளும். ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ சேர, முந்தைய ஆண்டு ஜூன், ஜூலையில் பட்டியல் போட வேண்டும். செப்டம்பர், அக்டோபர் மின்னஞ்சலுக்கு. அக்டோபர் முதல் வாரத்தில் பரிந்துரையாளர்களிடம் கேட்டுவிட வேண்டும். நேர்காணல் ஜனவரி, பிப்ரவரி. முடிவுகள் மார்ச் வரை.

ஐரோப்பிய விளம்பரங்களுக்குப் பருவம் கிடையாது. மூன்று முதல் ஆறு வாரம் திறந்திருக்கும், மூடிவிடும். அதனால் சிவி, மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று, ஆய்வேட்டுச் சுருக்கம் எல்லாம் எப்போதும் ஒரே பிடிஎஃப்பாகத் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் மாறுவது, ஏன் இந்த இடம் என்று சொல்லும் ஒரு பக்க ஊக்கக் கடிதம் (மோட்டிவேஷன் லெட்டர்) மட்டுமே.

ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். ஜிஆர்இ என்ற பொதுத் தகுதித் தேர்வு பல துறைகளில் போய்விட்டது. ஆனால் 'தேவையில்லை' என்பதும் 'ஏற்கமாட்டோம்' என்பதும் வேறு. ஒவ்வொரு துறைப் பக்கத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டண விலக்கைப் பேராசிரியரிடம் கேட்காதீர்கள், அவர் கையில் அது இல்லை. பட்டதாரி மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள்.

காகிதங்கள்

சிவியில் 'தரவுப் பகுப்பாய்வில் ஈடுபட்டேன்' என்றால் ஒன்றும் விளங்காது. '40 மாதிரிகளின் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுத் தரவைப் பைத்தானில் பொருத்தி, படிகத் துகள் அளவைக் கணக்கிட்டேன்' என்றால் ஆளைத் தெரிந்துவிடும். கருவியின் பெயரைப் போடும்போது நீங்களே இயக்கினீர்களா, மாதிரியைக் கொடுத்து முடிவை வாங்கினீர்களா என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். நேர்காணலில் முதலில் தோண்டுவது அதைத்தான். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழில் வந்த கட்டுரை இருந்தால் விட்டுவிடுங்கள். அது இல்லாத சிவி அது இருக்கும் சிவியைவிட வலுவானது.

நோக்க அறிக்கை, வழக்குமொழியில் எஸ்.ஓ.பி., இரண்டு பக்கத்துக்குள். சிறுவயதில் வானத்தைப் பார்த்து வியந்த கதை வேண்டாம். முதல் பத்தியில் எந்தக் கேள்வியில் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்பது வந்துவிட வேண்டும். நடுவில் செய்த ஒன்றிரண்டு ஆய்வுகள், அவற்றில் நீங்கள் எடுத்த முடிவுகள், எங்கே சிக்கியது, எப்படி அவிழ்த்தீர்கள். கடைசியில் அந்தத் துறையில் யார் யாரோடு, ஏன்.

பரிந்துரைக் கடிதம் அமெரிக்காவுக்கு வழக்கமாக மூன்று. உங்களோடு ஆய்வு செய்த உதவிப் பேராசிரியர் எழுதும் குறிப்பான ஒரு பக்கம், வகுப்பில் பார்த்த துறைத்தலைவர் எழுதும் பொதுப் புகழ்ச்சியைவிட மேல். ஆறு முதல் எட்டு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போது 'வலுவான கடிதம் எழுத முடியுமா' என்று கேளுங்கள், தயங்கினால் வேறொருவரைப் பாருங்கள். பல்கலைக்கழகங்களின் பெயர், கடைசித் தேதி, உங்கள் சிவி, அவரிடம் செய்த வேலையின் நான்கு வரிக் குறிப்பு ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள். 'நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பவரிடம் குறிப்புகளை மட்டும் கொடுத்து நகருங்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருப்பதைக் குழு எளிதில் கண்டுபிடிக்கும். சில தளங்கள் நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் பரிந்துரையாளருக்கு இணைப்பை அனுப்பும். கடைசி இரவு சமர்ப்பித்தால் அவருக்கு நேரமே இருக்காது. அந்த இணைப்பு அவருடைய ஸ்பாமில் விழுவதும் வாடிக்கை; ஒரு வாரம் முன்பு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பெயர் விஷயம் சின்னதாகத் தோன்றும். சான்றிதழில் இனிஷியலும் கடவுச்சீட்டில் விரிந்த பெயருமாக இருந்தால், எல்லா விண்ணப்பங்களிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். தேர்வு மதிப்பெண் ஒரு பெயரிலும் விண்ணப்பம் இன்னொரு பெயரிலும் போனால் தளம் இரண்டையும் சேர்க்காது. கோப்பு 'முழுமையற்றது' என்று கிடக்கும்.

நேர்காணல்

பெரும்பாலும் 30 முதல் 45 நிமிடம், காணொளியில். பத்து நிமிடம் உங்கள் ஆய்வைச் சொல்லச் சொல்வார்கள். ஏழெட்டு ஸ்லைடு போதும். கேள்விகள் அலங்காரத்தைக் கீறிப் பார்ப்பவை: இந்த முறையை ஏன் எடுத்தீர்கள், வேறு எதைப் பரிசீலித்தீர்கள், பிழைப்பட்டை (எரர் பார்) எப்படி வந்தது, ஒப்பீட்டு மாதிரி எங்கே. தெரியாததைத் 'தெரியாது, ஆனால் இப்படித் தேடிப் பார்ப்பேன்' என்று சொல்பவருக்கு மதிப்பெண் குறைவதில்லை. சுற்றி வளைத்துச் சமாளிப்பவருக்குக் குறையும்.

நீங்களும் அவர்களை நேர்காணல் செய்கிறீர்கள். குழுவின் பழைய மாணவர்களின் பெயரைப் பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் தட்டுங்கள். சேர்ந்த ஆண்டையும் ஆய்வேடு வந்த ஆண்டையும் கழித்தால் உண்மையில் எத்தனை ஆண்டு ஆகிறது என்று தெரியும். சேர்ந்தவர் பட்டியலில் இருந்து ஆய்வேடு இல்லாமல் மறைந்த பெயர்கள் அதிகமென்றால் காரணம் கேட்க வேண்டும். இப்போதைய மாணவர் ஒருவரோடு தனியாகப் பேச வழி கேளுங்கள், மின்னஞ்சலில் அல்ல, குரலில். எழுத்தில் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. 'கடைசியாக முடிக்காமல் போனவர் ஏன் போனார்' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு முன் வரும் இடைவெளியைக் கவனியுங்கள்.

கையில் இடம் வந்தபின்

வாய்வழிச் சம்மதம் இடம் ஆகாது. எழுத்தில் வரவேண்டியவை: மாதத் தொகை, அது ஆண்டுக்கு ஒன்பது மாதமா பன்னிரண்டா, எத்தனை ஆண்டுக்கு உறுதி, கல்விக் கட்டணம் முழுவதும் போகுமா, அதற்கு வெளியே மாணவர் கட்டணம் என்று தனியாக எவ்வளவு, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கற்பித்தல். அமெரிக்காவில் 20 மணி நேரம் என்பது வழக்கமான அளவு. கோடை மூன்று மாதத்துக்குச் சம்பளம் இல்லாத ஒன்பது மாத ஒப்பந்தம், தொகை சற்றுக் குறைவான பன்னிரண்டு மாத ஒப்பந்தத்திடம் தோற்றுப்போகும். ஆண்டுத் தொகையாக மாற்றி, அந்த ஊர் வாடகையைக் கழித்து ஒப்பிடுங்கள்.

நேர்காணலே இல்லாமல் வரும் இடம், பல்கலைக்கழக முகவரி அல்லாத மின்னஞ்சல், இடத்தை உறுதி செய்ய முன்பணம் என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் மோசடியா என்று சரிபார்த்துவிடுங்கள்; முன்பணம் கேட்டால் மோசடியேதான். விண்ணப்பக் கட்டணம் பல்கலைக்கழகத் தளத்தில் கட்டுவது. அதற்கு மேல் நிதியுள்ள இடத்துக்கு 'செயலாக்கக் கட்டணம்' என்று ஒன்று கிடையாது.

பதில் சொல்ல அவசரப்படுத்தினால் அமெரிக்காவில் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. மேற்படிப்பு தரும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்ல உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பட்டியல் பொதுவில் இருக்கிறது. ஐரோப்பிய வேலை ஒப்பந்தங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே ஒன்றிரண்டு வாரம்தான் தருவார்கள். வேறு முடிவுக்குக் காத்திருந்தால், எந்தத் தேதிக்குள் தெரியும் என்பதைச் சொல்லி அவகாசம் கேட்கலாம், பலரும் கொடுப்பார்கள்.

ஒன்றை ஏற்றதும் மற்றவற்றை அன்றே மறுத்து எழுதுங்கள். மூன்று வரி போதும். நீங்கள் பிடித்துவைத்திருக்கும் இடத்துக்குக் காத்திருப்புப் பட்டியலில் ஒருவர் இருப்பார். மறுக்கப்படும் பேராசிரியரை நாளைக்கு ஒரு மாநாட்டிலோ உங்கள் கட்டுரையின் மதிப்பாய்வாளராகவோ சந்திக்கப் போகிறீர்கள். பரிந்துரை எழுதியவர்களுக்கும் முடிவைத் தெரிவித்துவிட்டு, விசாவுக்கு வேண்டிய காகிதங்கள் கையில் வந்த அன்றே நேரத்தைப் பதிவு செய்யுங்கள். கோடையில் தூதரக வரிசை மாதக் கணக்கில் நீளும்.